இருமொழிப் பள்ளியில் என் கணவர் பேசவில்லை

இந்த ஊரில் என்னை மேடம் என்கிறார்கள், என் கணவரை அண்ணாச்சி என்கிறார்கள். இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினாலும் அப்படித்தான். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் நாங்கள் காய்கறி வாங்கும் கடைக்காரர் என்னிடம் மேடத்துக்கு என்ன வேண்டும் என்று விசாரித்துவிட்டு, அதே மூச்சில், அண்ணாச்சி வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தட்டும் என்பார். என் கழுத்தில் ஐ.டி. கம்பெனியின் அடையாள அட்டை தொங்குகிறது, அவர் சட்டையில் சிமென்ட் ஒட்டியிருக்கிறது. வேறு வித்தியாசம் இல்லை. நம் ஊரில் அண்ணாச்சி என்றால் மூத்தவர், மரியாதைக்குரியவர். இங்கே அந்தச் சொல்லுக்குக் கடை வைக்கவோ கட்டட வேலைக்கோ வந்த தமிழன் என்று பொருள். கேலியாகச் சொல்கிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. என் கணவர் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். எனக்குத்தான் காது சூடாகும்.

ஊரில் இருப்பவர்கள் சிரிக்கக்கூடும். சுரண்டையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனதெல்லாம் ஒரு புலம்பெயர்வா, காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாமே என்று என் தம்பியே கேட்டிருக்கிறான். விசா வேண்டாம், விமானம் வேண்டாம், உண்மைதான். ஆனால் ஆரல்வாய்மொழி தாண்டி, பாறசாலை தாண்டி, கடைப் பலகைகளின் எழுத்து உருண்டையாக மாறும் இடத்தில் எனக்குள் ஏதோ ஒன்று முதுகை நிமிர்த்தி உட்காரும், இனி யாரோ நம்மைப் பார்ப்பார்கள் என்பதுபோல. எட்டு வருடமாகியும் அது போகவில்லை. நான் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறேன். என் கணவர் முருகேசன் தரைக்கு டைல்ஸ் பதிக்கும் ஒப்பந்தக்காரர். எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது திருநெல்வேலியில் நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு என் பின்னால் வந்தவர். விழிஞ்ஞத்திலிருந்து கழக்கூட்டம் வரை புதிதாக எழும்பும் வீடுகளில் நம் பக்கத்து ஆட்கள் ஆறு பேரை வைத்து வேலை செய்கிறார். வாய்ப்பேச்சிலேயே வேலை பிடிப்பவர். சும்மா நிற்கும் ஆட்டோக்காரரிடம்கூட ஐந்து நிமிடத்தில் சொந்தம் கண்டுபிடித்துவிடுவார். அவருடைய மலையாளம் வேலைத் தளத்தில் கற்றது. இலக்கணம் கிடையாது, தயக்கமும் கிடையாது.

மகள் பிறந்தபோது இரண்டு மொழிக்கும் பொருந்தட்டும் என்று ஆதிரா எனப் பெயர் வைத்தோம். அவளுக்கு ஒன்றாம் வகுப்பு வந்தது. என் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே கிடையாது, எந்தப் பள்ளி, எந்தப் பாடத்திட்டம், எவ்வளவு கட்டணம். அவர்கள் எல்லோரும் மெச்சிய பள்ளி ஒன்று இருந்தது. இருமொழிப் பன்னாட்டுப் பள்ளி என்று அதற்குப் பெயர்ப்பலகை. ஆங்கிலமும் மலையாளமும் குழந்தைக்கு இரண்டு கண்கள் என்று வழவழப்பான கையேட்டில் அச்சடித்திருந்தார்கள். நான் ஒரு நாள் விடுப்பு எடுத்துத் தனியாகப் போய்ச் சுற்றிப் பார்த்தேன். வகுப்பறைச் சுவரில் உலகத்து மொழிகளில் எல்லாம் வணக்கம் எழுதியிருந்தது. தமிழ் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இருந்தது. திரும்பும்போது விண்ணப்பப் படிவமும் கட்டண விவரமும் கொடுத்தார்கள்.

கட்டணத் தாளை நான் மூன்று முறை படித்தேன். பதிவுக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், திருப்பித் தரக்கூடிய டெபாசிட், மூன்று தவணை ஆண்டுக் கட்டணம், சாப்பாடு, பஸ், செயல்பாடுகள். இவை போக லேங்குவேஜ் சப்போர்ட் என்று ஒரு வரி: வீட்டு மொழி இந்த இரண்டில் ஒன்றாக இல்லாத குழந்தைகளுக்கு, ஒவ்வொரு தவணைக்கும் தனிக் கட்டணம். நாளெல்லாம் பிழை பிடிக்கிற எனக்கு அந்தத் தாளில் எது முடிவு, எது தொடக்கம் என்றே பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் கணவர் அதை வாங்கிப் படித்தார். ஆங்கிலத்தில் புரியாத இடங்களை என்னிடம் கேட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார்.

“இது நம்ம கொட்டேஷன் மாதிரியேதான்ட்டி இருக்கு. சதுர அடி ரேட்டக் கொறச்சுப் போட்டுட்டு, செவுரு ஓரத்து ஸ்கர்ட்டிங்கு, ஒடசல் வேஸ்டேஜுன்னு பின்னால புடிக்கது. நாமளும் அதத்தானே செய்யுதோம்.”

ஒரு டைல்ஸ் பெட்டியின் அட்டையைக் கிழித்து, பென்சிலால் மூன்று கேள்விகள் எழுதினார். டெபாசிட்டைத் திருப்பித் தருவார்கள் சரி, எத்தனை நாள் முன்னால் சொன்னால் தருவார்கள்? ஆண்டுதோறும் கட்டணம் கூடினால் ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைக்கும் கூடுமா? லேங்குவேஜ் சப்போர்ட் வேண்டும், போதும் என்பதை யார், எதைப் பார்த்து முடிவு செய்வார்கள்? என் அலுவலகத்தில் எழுபது பேர் அந்தப் பள்ளியைப் பற்றிப் பேசியிருப்பார்கள், ஒருவரும் இந்த மூன்றையும் கேட்டதில்லை. எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

படிவத்தை நிரப்பியது நான். வீட்டு மொழி என்ற கட்டத்தில் மலையாளம், ஆங்கிலம் என்று எழுதினேன். கூடுதல் கட்டணத்துக்குப் பயந்துதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு நேர்காணல் இருந்தது, அப்பா, அம்மா, குழந்தை மூவரும் வரவேண்டும். என் கணவர் வாயைத் திறந்தால் பத்தாவது சொல்லில் சுரண்டை தெரிந்துவிடும். முதல் நாள் சாயங்காலம், அவர் தன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

“நாளைக்கு அங்க நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்.”

“ஒண்ணுமேவா? மூணு கேள்வி இருக்குல்லா.”

“நான் கேட்டுக்கிடுதேன். நீங்க பேசுனா வீட்டு மொழி என்னன்னு தெரிஞ்சிரும்.”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிள்ளைக்காகத்தானே, சரி என்றார். அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். கட்டணம் ஒரு சாக்கு. பள்ளி வரவேற்பறையில் இவர் வேலைத் தளத்து மலையாளத்தில் கணீரென்று பேசி, அங்கிருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, ஓ அண்ணாச்சி என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இந்த வெட்கம் எனக்குக் கேரளம் கொடுத்தது என்று பழியைப் போடவும் முடியாது. நான் ஆறாம் வகுப்பில் சேரும்போது என் அம்மா பீடி சுற்றுவதைப் பாதியில் விட்டுவிட்டு, விரலில் புகையிலைத் தூளோடு பள்ளிக்கு வந்தாள். கட்டட நிதி என்று ஏதோ கேட்டிருக்கிறார்கள். கட்டடம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்க்கலாம் என்று அம்மா தலைமையாசிரியரிடம் சத்தம் போட்டாள். அலுவலக அறைக்கு வெளியே மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். தலைமையாசிரியர் கடைசியில் அந்தப் பணத்தை வாங்கவில்லை. அம்மா வென்றுவிட்டு என்னைத் தேடினாள், நான் உடனே வெளியே வரவில்லை. பாறசாலையைத் தாண்டுவதற்குப் பல வருடம் முன்பே நான் இப்படித்தான் இருந்தேன்.

நேர்காணல் செய்தவர் ஸ்ரீலதா மேடம், சேர்க்கைக்குப் பொறுப்பான ஆசிரியை. நல்ல மனுஷி. என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார், ஆதிராவிடம் மலையாளத்தில் பேசினார். ஆதிரா பக்கத்து வீட்டுக் குழந்தைகளோடு வளர்ந்தவள், வெளுத்து வாங்கினாள். பிறகு என் கணவரின் பக்கம் திரும்பி, “அச்சனு எந்தா ஜோலி?”, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார். கட்டுமானத் தொழில் என்று நான் பதில் சொன்னேன். ஆதிராவுக்கு வீட்டில் யார் கதை சொல்வது என்று மறுபடியும் அவரிடமே கேட்டார். அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மூன்றாவது கேள்விக்கும் அவர் தலையை மட்டும் அசைத்தபோது ஸ்ரீலதா மேடத்தின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, பேசுவதற்குச் சிரமம் உண்டோ என்று என்னிடம் கேட்டார். “சம்சாரிக்கான் புத்திமுட்டுண்டோ?” என்ற அந்தக் குரலில் அத்தனை கனிவு. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் தலையை ஆட்டினேன், ஆமாம் என்று.

மேடம் எழுந்து வந்து என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பள்ளி உங்களுடையது என்று ஒவ்வொரு சொல்லாக, வாயை அகலத் திறந்து, மெதுவாகச் சொன்னார். என் கணவரின் சட்டைப் பையில் அந்த அட்டைத் துண்டு துருத்திக்கொண்டிருந்தது. கேள்விகள் ஏதாவது உண்டா என்று மேடம் என்னைக் கேட்டார். எனக்கு அங்கிருந்து எழுந்து போனால் போதும் என்றிருந்தது. ஒன்றுமில்லை என்றேன், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அவர் வாயை அடைத்துக் கெட்டேன்.

வண்டியில் திரும்பும்போது, அப்பா ஏன் பேசவில்லை என்று ஆதிரா கேட்டாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்குப் பேச்சு வராது என்று அவரே அதை ஒரு விளையாட்டாக்கிச் சொன்னார். யாரிடமும் சொல்லக் கூடாது, கேட்டோ என்றார். அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

வேலையிலிருந்து நடுவில் வரமுடியும் என்பதால் மத்தியானம் அவளைக் கூட்டிவருவது அவர்தான். ஆரம்பத்தில் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவார், வாயில் காவலாளி மழை வருவதைக் கையால் எப்படிச் சொன்னார், இவர் பதிலுக்குக் குடையை எப்படி விரித்தார் என்று. நானும் சிரித்தேன். ஒரு மாதம் கழித்து, கழக்கூட்டத்தில் ஒரு பெரிய அடுக்ககத்து வேலை வந்தது. அதைக் கட்டுபவரின் மகனும் அதே பள்ளி. ஊமையாகப் போய் எப்படி ரேட் பேசுவது என்று சொல்லிவிட்டு அந்த வேலையை விட்டுவிட்டார். அதைச் சொல்லும்போதும் சிரித்தார், ஆனால் நான் சிரிக்கவில்லை. அதன்பிறகு நடித்துக் காட்டுவது நின்றுபோனது.

அந்த மாதமே இன்னொன்றும் தெரிந்தது. ஸ்ரீலதா மேடம் பேச்சுவாக்கில் சொன்னார்: லேங்குவேஜ் சப்போர்ட்டைப் படிவத்தை வைத்து முடிவு செய்வதில்லை, குழந்தையிடம் பேசிப் பார்த்துத்தான். ஆதிராவுக்கு அது தேவையே இல்லை, வீட்டில் எந்த மொழி பேசினாலும். அட்டையில் இருந்த மூன்றாவது கேள்விக்கு அதுதான் பதில். என் கணவர் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் சொன்ன பொய்யால் ஒரு காசும் மிச்சமாகவில்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பேச்சு வராது என்று சொன்ன மனிதருக்குத் திடீரென்று பேச்சு வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, சோற்றையும் பரிமாறியாயிற்று. அடுத்த ஆண்டு முதல் எல்லோருக்கும் கட்டணம் கூடுகிறது என்று சுற்றறிக்கை வந்தபோது அவர் அதைப் படித்து மடித்து வைத்தார்.

“இதத்தான் கேக்கணும்னு இருந்தேன்,” என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

சென்ற மாதம் பள்ளியில் குடும்ப நாள் கொண்டாடினார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் ஒருவரைப் பற்றி இரண்டு மொழியிலும் பேச வேண்டும். ஆதிரா வீட்டில் ஒத்திகை பார்க்கவில்லை, ஆசிரியையே சொல்லிக்கொடுத்திருக்கிறார் போலும். பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு ஒலிபெருக்கியின் முன்னால் வந்து நின்றாள். “என்டெ அச்சனு சம்சாரிக்கான் பற்றில்லா,” என்று தொடங்கினாள். என் அப்பாவால் பேச முடியாது. ஆனால் நான் சொல்வதெல்லாம் அவருக்குக் கேட்கும். அவர் கையாலேயே கதை சொல்வார். பிறகு ஆங்கிலத்தில், ஒரு எழுத்துப் பிசகாமல், அதையே சொன்னாள். கட்டிய கட்டணத்துக்கு நூற்றுக்கு நூறு பலன் கிடைத்துவிட்டது. எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தாள். ஸ்ரீலதா மேடம் எழுந்து நின்று கைதட்ட, அரங்கம் முழுவதும் எழுந்தது.

ஆதிரா மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள், என்னைத் தாண்டி அவரிடம் போனாள். அவர் குனிந்தார். ஆறு வயதுக் குழந்தையின் ரகசியம், இரண்டு நாற்காலி தள்ளி நின்ற எனக்கும் கேட்டது.

“நான் சரியாச் சொன்னேனாப்பா?”

தமிழில்தான் கேட்டாள். சுற்றிலும் ஆட்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாய் திறந்தது. அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார், சொல்லட்டுமா என்று. நான் கைதட்டிக்கொண்டே இருந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு, மகளிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.