ரீடிங் அக்காவும் சந்துக் கதவும்

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது அவர் வேலை. அதனால் எங்கள் வார்டில் எல்லோருக்கும் அவர் ரீடிங் அக்கா. அவரைவிட இருபது வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பையில் ஓர் இரும்புக் கொக்கி, ஈரத்துணி, சின்ன டார்ச். கொக்கியால் மீட்டர் குழியின் மூடியைத் தூக்கி, கண்ணாடியைத் துடைத்து, எண்ணைப் பார்ப்பார். உடனே எழுதிவிட மாட்டார். வீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு, "குனிஞ்சு நீங்க ஒரு தடவை படிங்க" என்பார். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் பேனா நோட்டில் இறங்கும்.

"உன் சம்பளத்துல பாதி எனக்குக் குடும்மா. வேலைய நான்தானே பாக்குறேன்" என்பார் டிரைவர் சார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"முட்டி வலிச்சா உக்காந்து படிங்க சார். படிக்காம மட்டும் விடமாட்டேன்."

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கீறல் விழுந்த கண்ணாடி வழியே மூன்றை எட்டு என்று எழுதிவிட்டார். இவ்வளவு தண்ணீர் ஒரு வீட்டுக்கு எப்படி என்று சந்தேகப்பட்ட அலுவலகம் இணைப்பைத் துண்டித்தது. கைக்குழந்தை இருந்த வீடு. நான்கு நாள் ஆயிற்று சரிசெய்ய. அந்த நான்கு நாளும் வேலை முடிந்தபின் குடம் சுமந்து அந்த வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றியவர் அவரேதான். அன்று பிடித்த வழக்கம்.

வார்டுக் கூட்டத்தின் தீர்மான நோட்டு அவர் கைக்கு வந்தது கையெழுத்து நன்றாக இருந்ததால். அதற்கு முன் எழுதியவர் எல்லாவற்றுக்கும் "விவாதிக்கப்பட்டது" என்று ஒரே வார்த்தையை எழுதி வைத்திருந்தார். கூட்டத்துக்கு வருகிறவர்களும் ஒன்பது பேர்தான். வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைத்தால் யார் வருவார்கள்? அக்கா வார்டு உறுப்பினரிடம் மூன்று மாதம் நடையாய் நடந்து அதை ஞாயிறு மாலைக்கு மாற்றினார். பிறகு ஒவ்வொரு மீட்டர் குழியின் அருகிலும் குந்தியபடி, "ஞாயித்துக்கிழமை நாலு மணி, பள்ளிக்கூடத்துல. வந்து நீங்களே படிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அப்படி முதல்முறை அறுபது பேர் கூடியது சந்துக் கதவுக்காக.

மேலத் தெருவுக்கும் கீழத் தெருவுக்கும் நடுவே ஒரு சந்து. அதன் வாயில் ஓர் இரும்புக் கதவு, டிரைவர் சார் வீட்டை ஒட்டி. பைக்குகள் அதில் புகுந்து பறந்தன. ஒருநாள் அவர் பேத்தியின் கால்மேல் ஒன்று ஏறி எலும்பு முறிந்தது. கதவை நிரந்தரமாக அடைக்க வேண்டும் என்று மேலத் தெரு கையெழுத்து வாங்கியது. நானும் போட்டேன். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அடைப்பதற்கான தகட்டைக்கூட அளந்து வெட்டி வைத்துவிட்டேன்.

கீழத் தெருவில் ஒரு தையல்கார அம்மா. அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாரம் மூன்று நாள் சக்கர நாற்காலியில் வைத்து, சந்து வழியே மேலத் தெரு சிகிச்சை நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். விரல்கள் அப்போதுதான் அசையத் தொடங்கியிருந்தன. கதவு அடைபட்டால் பெரிய ரோடுதான் வழி, ஒரு கிலோமீட்டருக்கு மேல். அதோடு சிகிச்சையும் நின்றுவிடும்.

பள்ளிக்கூடத்துச் சின்ன பெஞ்சுகளில் இரண்டு தெருவும் இரண்டு பக்கமாக உட்கார்ந்தன. அக்கா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒருத்தர் பேசினதை நான் எழுதணும்னா, எதிர்ப்பக்கத்துல ஒருத்தர் அதைத் திருப்பிச் சொல்லணும். பேசினவங்க சரின்னு சொன்னா எழுதுவேன்."

"இப்படிப் போனா அடுத்த ஞாயிறு வந்துரும்மா" என்றார் உறுப்பினர்.

"வரட்டும் சார்."

தையல்கார அம்மா பேசினார். திருப்பிச் சொல்ல டிரைவர் சார் எழுந்தார். "அவங்களுக்குச் சுத்திப் போக அலுப்பா இருக்காம்."

"நான் அப்படிச் சொல்லல" என்றார் அந்த அம்மா. அக்காவின் பேனா அசையவில்லை.

"சரி. வீட்டுக்காரருக்கு வாரம் மூணு நாள் வைத்தியம். பெரிய ரோட்டுல நடைபாதை கிடையாது. நாற்காலிய ரோட்டுலயே தள்ளணும். வளைவுல பஸ் உரசுற மாதிரி…" அவர் அங்கேயே நின்றுவிட்டார். அந்த வளைவில் பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவர் அவர்தான்.

"உரசுற மாதிரிதான் போகும்" என்றார் பிறகு, மெதுவாக. "வேற வழி இல்ல அங்க. நானே ஹார்ன் அடிச்சு எத்தனையோ பேரை ஓரத்துக்கு விரட்டியிருக்கேன்."

"சரிங்களா அம்மா?" என்று கேட்டார் அக்கா.

"சரி" என்றார் தையல்கார அம்மா. அக்கா எழுதினார்.

அடுத்தது டிரைவர் சாரின் முறை. அவர் சொன்னதைத் தையல்கார அம்மா திருப்பிச் சொன்னார்: "பேத்தி கையப் பிடிச்சிட்டுதான் நின்னார். பையை மாத்திப் பிடிக்க ஒரு நிமிஷம் விட்டார். அப்பதான் பைக் வந்துச்சு. அதுக்கப்புறம் அந்தக் கதவைப் பாத்தாலே அவருக்கு அந்த நிமிஷம்தான் வருது. சரிங்களா அண்ணே?"

டிரைவர் சார் தலையை மட்டும் ஆட்டினார்.

"வாயால சொல்லுங்க சார்" என்றார் அக்கா.

"சரிதான்."

பிறகு டிரைவர் சார் கேட்டார், "அந்த நாற்காலி எவ்வளவு அகலம்மா?"

அதுவரை அந்தக் கேள்வியை எங்கள் தெருவில் யாருமே கேட்டிருக்கவில்லை. தையல்கார அம்மாவின் பையில் டேப் இருந்தது. கணவர் உட்கார்ந்திருந்த நாற்காலி வராந்தாவில் நின்றது. அவரைப் பெஞ்சுக்கு மாற்றிவிட்டு இருவரும் அளந்தார்கள். இருபத்தாறு அங்குலம். வாசலில் நின்ற ஒரு பைக்கையும் அளந்தார்கள். கைப்பிடி முப்பது அங்குலம், தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில்.

"அப்ப கீழ அகலமாவும் மேல குறுகலாவும் இருந்தா, நாற்காலி வரும், பைக் வராது" என்றார் டிரைவர் சார். "நான் எத்தனை சந்துல பஸ்ஸ விட்டிருக்கேன்! வெல்டரே, முடியுமா?"

முடியும் என்றேன். கதவு இருந்த இடத்தில் ஒரு குழாய்ச் சட்டம்: கீழே முப்பது அங்குலம், மேலே கைப்பிடி உயரத்தில் இருபத்திரண்டு, இரண்டு பக்கக் குழாயும் உள்ளே சாய்ந்தபடி. தீர்மானத்துக்கு ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள். அடைக்க வெட்டிய தகட்டை என் பட்டறை மேஜைக்கு மேல்பலகையாகப் போட்டுக்கொண்டேன்.

பொருத்திய அன்று இரண்டு தெருவும் வேடிக்கை பார்க்க வந்தன. ஒரு பைக் வந்து முட்டிக்கொண்டு நின்றது, கைதட்டல். அடுத்து தையல்கார அம்மா கணவரை உட்காரவைத்துத் தள்ளினார். பாதியில் நின்றுபோயிற்று. விறைத்துப்போன இடதுகையின் முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது சாய்ந்த குழாயில் இடித்தது. நாங்கள் அளந்தது காலி நாற்காலியை.

முப்பது வருஷமாக இரும்பை அளக்கிறவன் நான். தலை குனிந்து நின்றேன். அக்கா என் பக்கத்தில் வந்து, "அவரைக் கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கேட்கவில்லைதான். இரண்டு தெருவும் அவரைப் பற்றிப் பேசின. அவரிடம் யாரும் பேசவில்லை. அவர் அருகில் குந்தி உட்கார்ந்தேன். வாய் குழறினாலும் நிதானமாகச் சொன்னார்: "சாய்வு… மூணு அடிக்கு மேல… ஆரம்பிக்கட்டும் தம்பி." நான் அதைத் திருப்பிச் சொன்னேன். "சரி" என்றார். இடதுபக்கக் குழாயை அன்றைக்கே வெட்டி, உயர்த்தி ஒட்டினேன்.

அதன்பின் கூட்டத்துக்கு அறுபதுக்குக் குறைந்து ஆள் வந்ததில்லை. ரீடிங் அக்கா இன்னமும் மாதம் ஒருமுறை என் வாசலில் குந்தி, என்னையும் குந்த வைக்கிறார். ஒவ்வொரு முறையும் நன்றி சொல்ல நினைத்து, எண்ணை மட்டும் படித்துக் காட்டிவிட்டு எழுகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிகிச்சை நாட்களில் டிரைவர் சார் சந்துமுனையில் வந்து நிற்பார். வாழ்நாளெல்லாம் கண்டக்டர் குரலுக்கு வண்டி எடுத்தவர், இப்போது தானே குரல் கொடுக்கிறார்: "லெப்ட்ல ரெண்டு அங்குலம் இருக்கு, வாங்க, வாங்க… போலாம் ரைட்." கால் எலும்பு கூடிவிட்ட பேத்தி அவர் கையைப் பிடித்தபடி நிற்பாள்.

போன வாரம் கவனித்தேன். நாற்காலி உள்ளே வரும்போது தையல்கார அம்மாவின் கணவர் அந்த இடது முழங்கையைத் தானாகவே மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் வெட்டி ஒட்டிய இடத்துக்கு இனி வேலை இல்லை. இருக்கட்டும், அந்தத் தழும்பு அங்கேயே இருக்கட்டும்.