தாய்மாமன் கேக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பூவும்

தங்கை மகளுக்கு இன்று திருச்சுழியில் நிச்சயதார்த்தம். தாய்மாமன் சார்பில், மருமகள் பெயர் எழுதிய க்ரீம் கேக் ஒன்றை அருப்புக்கோட்டையில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனேன்.

கடைக்கார அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "போன ஒடனே ஃபிரிட்ஜுல வச்சிருங்க சார். வெட்டுறதுக்கு அரை மணி நேரம் முன்னால எடுத்தாப் போதும்."

ஒன்பது மணிக்குத் தங்கை வீட்டு ஃபிரிட்ஜில் என் கையாலேயே வைத்தேன்.

பதினொன்றரைக்குப் போய்ப் பார்த்தால், கேக் அடுப்படி ஜன்னல் திட்டில், வெயிலில். மருமகள் பெயரில் பாதி வழிந்து அட்டையில் கிடந்தது. ஃபிரிட்ஜ் நிறைய மல்லிகைப்பூ.

தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மாப்பிள்ளை வீட்டுப் பூவுண்ணே. வாடிருச்சுன்னா அவுக என்ன நெனப்பாக?"

"நான் என்ன நெனப்பேன்னு யோசிச்சியா?"

"நீ நம்ம வீட்டு ஆளுதானண்ணே!"

போன வருடம் இவள் வீட்டுப் பால்காய்ச்சுக்கு என்னைப் போனில் மட்டும் அழைத்தபோதும் இதே பதில்தான்.

கேக் சபைக்கு வரவே இல்லை. சமையல்காரர்களுக்குக் கரண்டியால் அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். மருமகளுக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது.

நம்ம வீட்டு ஆள் வெயிலில் கிடந்தாலும் கெட மாட்டான் என்று நினைக்கிறார்கள். உங்களில் யாருக்காவது தங்கை வீட்டு ஃபிரிட்ஜில் இடம் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், எப்படிக் கிடைத்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.