தம்பி பெண்டாட்டியும் பூந்திப் பொட்டலமும்

தம்பி பெண்டாட்டி என்னைச் சந்தேகப்படுகிறாள் என்பது அவள் தந்த தேத்தண்ணியிலேயே தெரிந்துவிட்டது. எனக்கென்று தனிக் கோப்பை. குடித்து முடித்ததும் அதைச் சாம்பல் போட்டு அழுத்தித் தேய்த்தாள். கேட்டால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது லேசான காரியம் இல்லை.

தம்பிக்குப் பெரகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளருக்கு வரிசையாய்க் கட்டிய லயத்தில் வீடு. என் வீட்டுக்காரர் பண்டாரவளையில் ஒரு கடையில் பலகாரம் போடுகிறவர். சீனிக்குத் தட்டுப்பாடான காலம் அது. லயத்தில் தேத்தண்ணியைச் சீனியில்லாமல்தான் குடித்தார்கள். அதனால் கடையில் மிஞ்சும் பூந்தியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு மாதத்தில் ஒரு ஞாயிறு போவேன். எனக்குப் பிள்ளை இல்லை. தம்பி மகனுக்கு ஒன்றரை வயது. யாரைப் பார்க்கப் போவேன் என்று சொல்லவும் வேண்டுமா?

அவனோ பூந்தி வாயில் பட்டதும் துப்புவான். இனிப்பைத் துப்பும் பிள்ளை உலகத்தில் உண்டா? இவள்தான் பழக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். விடுவேனா, பாலில் கரைத்துப் புகட்டினேன்.

நான் பஸ் ஏறிய பிறகு அங்கே நடந்ததெல்லாம் பின்னால்தான் தெரியும். பிள்ளை வாந்தி எடுத்து, வேர்த்து, துவண்டு போவானாம். நான் வராத நாட்களில் நன்றாகத்தான் இருப்பானாம். "பிள்ள இல்லாதவ, வயித்தெரிச்சல்ல மருந்து வச்சிட்டா" என்று லயமே பேசியது. சோற்றில் ரகசியமாகக் கலந்து வைப்பார்களே, அந்த இடுமருந்து. அதை எடுக்கத் தெரிந்த ஆளைக் கூட்டி வந்தார்கள். அவர் ஏதோ பொடியைத் தேனில் குழைத்து வேளாவேளைக்கு நாக்கில் தடவச் சொன்னார். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கண்டது, வயிறு வீங்கியது. "வச்ச மருந்து அவ்வளவு கடுமை" என்று தேனைக் கூட்டினார் மனிதர்.

கடைசியில் வலிப்பு வந்ததும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கையை விரித்துப் பதுளைக்கு அனுப்பிவிட்டார்கள். தம்பி ஆள் அனுப்பிச் சொன்னான். ஓடினேன். என்னைக் கண்டதும் அவள் பிள்ளையை முந்தானையால் மூடினாள்.

வார்டில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. "எப்பவெல்லாம் இப்பிடி வாறது?" என்று கேட்டார்.

அவள் என்னைக் கைகாட்டினாள். "மொதல்ல இவங்க வந்துட்டுப் போனாத்தாங்க வரும். இவங்க கையிலதான் ஏதோ இருக்கு."

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மா அவளை அதட்டுவார் என்று பார்த்தேன். அவரோ என் பக்கம் திரும்பினார். "நீங்கள் வரேக்குள்ள என்ன கொண்டுவாறனீங்கள்?"

"பூந்திதாங்க. வேற என்னத்த?"

"பிள்ளை விரும்பித் தின்னுமோ?"

"துப்பிருவான்" என்றோம் இரண்டு பேரும் ஒன்றாக.

அதன்பிறகு அவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். வாழைப்பழம்? அதையும் துப்புவான். தேன்? அவள் மெதுவாக மருந்தெடுத்த கதையைச் சொன்னாள். மூத்திரத்தைச் சோதித்தார்கள். இனிப்பு, பழம், தேன் எல்லாவற்றையும் நிறுத்திச் சோறும் பாலும் முட்டையும் கொடுத்தார்கள். சில நாளில் எழுந்து உட்கார்ந்து சோற்றுக்கு அழுதான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இவனுக்கு அளவே கிடையாது, தொட்டாலே நஞ்சு.

"சீனி, பழம், தேனில இருக்கிற இனிப்பு இவன்ர உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. இது பிறப்பிலேயே உள்ளது. தாயிட்டயும் தகப்பனிட்டயும் இருந்து வாறது" என்றார் டாக்டரம்மா. அவள் எனக்கு மாமன் மகள். எல்லாம் எங்கள் ரத்தம்தான். நான் யார்மேல் கோபப்பட? என் கையில் ஏதோ இருக்கிறது என்று அவள் சொன்னதில் பொய்யே இல்லை. ஆசை ஆசையாகக் கொண்டுபோய் நான் ஊட்டியதுதான் அவனை மடக்கிப் போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த முறை வெறுங்கையோடு போனேன். பிள்ளை ஓடி வந்தான். அவள் குறுக்கே வந்து, என் வலக்கையைப் பிடித்து விரல்களை மோந்து பார்த்தாள். பார்த்த பிறகு அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"மனசுல வச்சுக்காதீங்க அண்ணி. இப்ப யாரையும் நம்ப முடியல."

"நம்பாத தாயி. என்னையும் நம்பாத" என்று இடக்கையையும் நீட்டினேன்.