அடுப்படிக்கு ஆயில் பெயிண்ட்

வாளியின் வாயில் பழைய வேட்டித் துண்டைக் கட்டி, நீற்றிய சிப்பிச் சுண்ணாம்பை வடித்துக்கொண்டிருந்தாள் அற்புதமணி. கட்டிகளைக் கம்பால் ஒதுக்கிவிட்டு இரண்டு சிட்டிகை நீலம் போட்டுக் கலக்கினாள். எழுபத்தாறாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வீட்டில் ஆள் வைத்து வெள்ளையடிக்கும் வழக்கமில்லை. நாசரேத்திலிருந்து இந்தத் துறைமுக ஊருக்கு வாழ வந்து பதினெட்டு வருஷம். மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை போக, வெள்ளையடிக்க நார் மட்டை பிடிப்பதும் அவள்தான்.

அடுப்படிச் சுவர்தான் அவளுக்குச் சத்துரு. டிசம்பரில் அடித்தால் பொங்கலுக்குள் கரி ஏறிவிடும். வருஷா வருஷம் புருஷனிடம் கேட்பாள்.

“அடுப்படிக்கு மட்டும் இடுப்பு உயரம் ஆயில் பெயிண்ட் அடிச்சிருவோமா? ஈரத் துணிய வச்சித் தொடச்சா கரி போயிரும்லா.”

கப்பல் கம்பெனி கிளார்க் செல்வதுரை பேப்பரை விட்டுத் தலை தூக்கமாட்டார். “சொவரு என்ன, சோறா கேக்கு?”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தன் வேதமணி கட்டிய புதுவீட்டில் பிரதிஷ்டை ஜெபம். ஜெபம் முடிந்ததும் அவன் மனைவி இன்பமணி, அற்புதமணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அடுப்படியில் இடுப்பு உயரத்துக்குப் பச்சை ஆயில் பெயிண்ட் பளபளத்தது.

“தொட்டுப் பாருங்கக்கா, வழுக்கும். கரி பட்டாலும் ஈரத் துணியால தொடச்சிரலாம். அத்தான் ஐடியா.”

“எந்த அத்தான்?”

“ஒங்க வீட்டு அத்தான்தான். ஹாலுக்கு டிஸ்டெம்பர். சாஞ்சி உக்காருத எடத்துல மட்டும் அடர்த்திக் கலரு; எண்ணெத்தல பட்டாலும் தெரியாதாம். படுக்க ரூமுல கடக்காத்து மோதுதுல்லா, அங்கன சுண்ணாம்பே போதும்னாவ. வேற எத அடிச்சாலும் உப்பு பூத்துக் கொப்புளம் வருமாம்.”

எண்ணெய்த் தலை செல்வதுரையுடையது. அது சுவரில் வைத்த கறையைச் சுரண்டியவள் அற்புதமணி. உப்புக் கொப்புளமும் அவள் வீட்டில் ஒரு வருஷம் டிஸ்டெம்பர் அடித்து, அவளே கண்டு சொன்னது. அவர் இன்பமணிக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

“வீட்டுக் காரியத்துல அத்தானுக்கு எம்புட்டு வெவரம்! நீங்க குடுத்து வச்சவுகக்கா.”

அற்புதமணி சிரித்து வைத்தாள். கதவுக்குப் பின்னால் பெயிண்டோடு ஒரு பிரஷ் மயிர் ஒட்டிக் காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததில் ஒரு சின்ன ஆறுதல்.

திங்கட்கிழமை சாயங்காலம் வரை அவள் மட்டையைத் தொடவில்லை.

“ஏளா, சுண்ணாம்பு கலக்குன மானைக்கே அப்பிடியே கெடக்கு?” என்றார் செல்வதுரை, நாற்காலியிலிருந்து.

அவள் ஹாலுக்குள் வந்து அவர் முன்னால் நின்றாள். “அப்ப நாஞ் சொன்னதெல்லாம் ஒங்க காதுல விழுந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு.”

“எது?”

“ஆயில் பெயிண்டு. உப்பு. ஒங்க எண்ணெத்தல.”

“தம்பி கேட்டான், சொன்னேன். அதுல என்ன?”

“அவ, அத்தான் ஐடியாங்கா. இத எம்பொஞ்சாதி சொன்னான்னு ஒரு வார்த்த சொன்னியளா?”

அவர் பேப்பரைத் திருப்பினார்.

“பேரு போனாப் போவுது. அவ அடுப்படிக்குச் சரின்னு பட்டது, எம் அடுப்படிக்கு ஏன் படல? அதச் சொல்லுங்க.”

செல்வதுரை பேப்பரை நாலாக மடித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எழுந்து, வழியில் நின்றவளைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.