கோட்டைப் பின்தெரு, நாற்பத்தொன்று

எழுதினாள் என்பது உண்மைதான், யார் இல்லை என்றார்கள்? எழுதினதால் நஞ்சம்மாவுக்குப் பெங்களூரில் ஒருவன் இருக்கிறான் என்று ஆகிவிடுமா? உத்தனப்பள்ளியில் அன்றைக்கு ஆகிவிட்டது.

நஞ்சம்மாவுக்கு இருபத்திரண்டு வயது. கட்டினவன் காய்ச்சலில் போய்விட்டான். அப்பன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். பெரிய பெண்களுக்கென்று சர்க்கார் வகுப்பு நடத்தின காலம் அது. எட்டாம் வகுப்புப் பரீட்சையில் தேறினால் வாத்தியார் வேலைக்குப் படிக்கலாம் என்றார்கள். இரண்டு வருஷமாகப் படித்தாள். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, அவள் நோட்டிலிருந்து ஒரு தாள் கழன்று கிணற்றடியில் விழுந்தது.

பக்கத்து வீட்டு நாராயணம்மா அதை எடுத்தாள். அவளுக்குத் தெலுங்கு எழுத்துத்தான் வரும். தெருவுக்கெல்லாம் கடுதாசி படித்துச் சொல்லும் முனிவேலிடம் நீட்டினாள். அவன் உரக்கப் படித்தான்.

"அன்புள்ள அண்ணா, நலம். நீங்கள் அனுப்பிய புடவை கிடைத்தது. மாரியம்மன் பண்டிகைக்கு அவசியம் வரவும்." கீழே கட்டம் போட்டு விலாசம்: திரு. சிதம்பரம், 41, கோட்டைப் பின்தெரு, பெங்களூர்.

நஞ்சம்மாவுக்குக் கூடப் பிறந்த ஆண் யாரும் இல்லை. தெருவுக்கு அது போதாதா?

நாராயணம்மா வாசலுக்கே வந்தாள். "ஏனக்கா, உனக்குத் தெரியாம உனக்கு ஒரு மகனா? புடவை வேற வாங்கி அனுப்பறான்!"

நஞ்சம்மாவின் தாய் வெங்கடம்மாளுக்கு முகம் சுருங்கியது. மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அம்மா, அது பாடம். கடிதம் எழுதுன்னா கடிதம் மாதிரியே இருக்கணும். தேதி, விலாசம், விசாரிப்பு எல்லாம். 'பெங்களூரில் இருக்கும் அண்ணனைப் பண்டிகைக்கு அழைத்து எழுதுக'ன்னு கேள்வி. விலாசம் இல்லேன்னா ரெண்டு மார்க்கு போயிடும்னு டீச்சரம்மா சொன்னாங்க."

வெங்கடம்மாள் மகளை நம்பினாள். ஆனாலும் பெட்டியைத் திறந்து புடவை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

மறுநாள் மகளோடு கூடப் படிக்கிற சாந்தம்மா, மாரம்மா இருவரின் நோட்டையும் வெங்கடம்மாளே வாங்கிவந்து முனிவேலிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். இரண்டிலும் பெங்களூர் அண்ணன், இரண்டிலும் பண்டிகை.

நாராயணம்மா மோவாயில் விரல் வைத்தாள். "அட கடவுளே! மூணு பேருக்கும் ஒரே ஆளா? அப்ப அந்த டீச்சரம்மாதான் நடுவுல இருக்கா."

இது நஞ்சம்மாவின் அப்பன் சென்னகிருஷ்ணன் காதுக்கும் போனது. "படிச்சது போதும். நோட்டை எடுத்து உள்ளே வை. நான் விசாரிச்சுக்கறேன்" என்றார். விசாரிப்பது என்றால் அவருக்கு ஒரே வழிதான் தெரியும். தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டு, ஒசூர் போய்ப் பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டார். சிரிக்காதீர்கள்; கடுதாசியில் விலாசம் இருந்தால் அங்கே ஆளும் இருப்பான் என்றுதான் அந்த மனுஷர் ஆயுசு முழுக்கப் பார்த்திருந்தார்.

இரண்டாம் நாள் திரும்பிவந்தார். கால் வீங்கியிருந்தது.

"அப்படி ஒரு தெருவே இல்லை. கோட்டையைச் சுத்திச் சுத்தி வந்தேன். கன்னடத்துல கேட்டேன், தெலுங்குல கேட்டேன். ஒரு போஸ்ட்மேனையே பிடிச்சுக் கேட்டேன், சிரிக்கறான்."

நாராயணம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்: "நீங்க வரது தெரிஞ்சு ஆளைக் காலி பண்ண வெச்சிருப்பாங்க, அண்ணா."

"ஆளைக் காலி பண்ணலாம். தெருவைக் காலி பண்ணுவாங்களா? போம்மா உள்ளே!"

அவருக்கு அப்படிக் கோபம் வந்து வெங்கடம்மாள் பார்த்ததில்லை. ஆனாலும் மகள் பக்கம் திரும்பினபோது கண்ணில் பழைய சந்தேகம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"ஏம்மா, இல்லாதவனுக்கு எதுக்கு அத்தனை பாசம்?"

"இல்லாத அண்ணனைக் கேட்டாங்க, எழுதினேன். நாளைக்குத் தாசில்தாருக்கு மனு எழுதச் சொல்வாங்க, அழுது எழுதுவேன். அதுக்காக நம்ம நிலம் போயிடுச்சுன்னு அர்த்தமாப்பா?"

அவர் தாளை மடியிலிருந்து எடுத்து, நீவி, அவள் நோட்டில் வைத்தார்.

பரீட்சை அன்று விடியற்காலையில் எதிரும் பக்கமும் நாலு கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தன. "புடவையைப் பாரு, புதுசா?" என்று ஒரு குரல். வெங்கடம்மாளுடைய கலியாணப் புடவை அது. அவள் அதைச் சொல்லப் போகவில்லை. தன் வீட்டுக் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவைத்தாள்.

"கிளம்பு, ஒசூர் வண்டி நிக்காது" என்றார் சென்னகிருஷ்ணன்.

பேனாவையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டு நஞ்சம்மா படி இறங்கினாள்.