கதவைத் தட்டியவன்

மாலை ஐந்தே காலுக்கு அந்தத் தட்டல் கேட்டது. உலகம் அழிந்தபின் ஆளில்லாத நகரத்தில் அலைகிற வீடியோ கேமை என் மகள் ஆடிக்கொண்டிருந்தாள். அதில் அவள் பதுங்கியிருந்த வீட்டின் கதவை ஒருவன் தட்டினான்.

"திறக்கவா, சுடவாம்மா?"

"சுட்டுடு" என்றேன். சுட்டாள்.

எனக்கு எட்டு வயதானபோது தி.நகரும் ஒருநாள் அப்படித்தான் ஆளில்லாமல் கிடந்தது. கலவரம் என்று நண்பகலிலேயே கடை ஷட்டர்கள் தடதடவென்று இறங்கின. பாத்திரக்கடைக்குப் போன அப்பா திரும்பவில்லை. அம்மா ஸ்டவ்வை அணைத்துவிட்டு, மண்ணெண்ணெய் நெடியில் அரிவாள்மணையோடு கதவருகே உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் அசைந்தால்கூட முறைத்தாள். அப்போது கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"ரிக்‌ஷாக்காரன்மா. சாரு தெருமுனைல என் வண்டில கீறாரு. கால்ல கல்லடி. ஒரு கை புடிச்சா கூட்டியாந்துடலாம்."

அம்மா தாழ்ப்பாளைத் தொடவில்லை. "அவுக காலைல என்ன சாப்பிட்டாகன்னு கேட்டுட்டு வாங்க."

"இன்னாமா, இந்த நேரத்துல!" முணுமுணுப்போடு செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. போனவன் வருவானா என்றே தெரியவில்லை. நான் அம்மாவின் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டேன்.

மறுபடி தட்டினான். "இட்லியாம்மா. கல்லு மாதிரி இருந்துச்சாம்."

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். தாழ்ப்பாள் விலகியது.

மகள் இப்போது திரையில் விழுந்து கிடந்தவனின் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"உள்ள மருந்துதாம்மா இருக்கு. நமக்குக் குடுக்கத்தான் வந்திருக்கான்."