டீ ஃபேக்டரியில் முளைத்த கடலை

ஊட்டிக் குளிரைப் புகழ்கிறவர்கள் யாரும் அந்தக் குளிரில் இட்லி மாவு கரைத்துவைத்துப் பார்த்தவர்கள் இல்லை. மறுநாள் மூடியைத் திறந்தால் மாவு கரைத்தபடியே கிடக்கும். உறை ஊற்றிய பால் பாலாகவே இருக்கும். பயறு முளைக்காது. பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டால் அடுப்புதான் களைத்துப்போகும், பருப்பு வேகாது. கோயமுத்தூரிலிருந்து வேலைக்காக மலையேறி வந்த எனக்குக் கல்யாணம் ஆகும்வரை இதெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. மெஸ் சாப்பாடு, கடை டீ, சம்பளம் வந்தால் டவுனில் பிரியாணி என்று காலம் நன்றாகவே ஓடியது.

இத்தலார் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் ஆபீஸ் கிளார்க். ஃபேக்டரிக்குப் பக்கத்திலேயே வாடகை வீடு. என் மனைவியும் கோயமுத்தூர்க்காரிதான். அவள் வீட்டில் எல்லோரும் சைவம். முட்டை பொரித்த வாசம் தெருவில் வந்தாலே ஜன்னலைச் சாத்துகிறவள். நான் வெளியே கறி தின்றுவிட்டு வந்தால் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்து கல்யாணமான கொஞ்ச நாளிலேயே நானும் முக்கால்வாசி சைவமாகியிருந்தேன்.

அவள் முழுகாமல் இருந்தபோது, மார்கழி பிறக்கும் சமயம், ஊட்டியில் ஒரு ஸ்கேன் எடுத்தோம். டாக்டரம்மா படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"குழந்தை எடை கம்மியா இருக்கு. உங்க ரத்தத்துலயும் புரதம் கம்மி. தினமும் என்னம்மா சாப்பிடறீங்க?"

"ரசஞ்சோறுங்க," என்றாள் இவள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ராத்திரிக்கும் ரசஞ்சோறுங்க," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"முட்டை, மீன் ஏதாவது?"

இவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"சரி, கட்டாயமில்லை. அசைவம் இல்லாமலே சமாளிக்கலாம். பருப்பு, பயறு, கடலை, பால், தயிர், நிலக்கடலை, சோயா, இதுல ஏதாவது ஒண்ணு ஒவ்வொரு வேளையும் தட்டுல இருக்கணும். சோறு தொட்டுக்க, இது வயிறு நிறைய. அடுத்த ஸ்கேன்லயும் குழந்தை வளரலைன்னா கோயமுத்தூருக்கு அனுப்பிடுவேன். அங்கே அட்மிட் ஆகணும். நாள் ஆகறதுக்கு முன்னாடியே குழந்தையை எடுக்க வேண்டி வந்தாலும் வரும்."

திரும்பி வரும் பஸ்ஸில் இவள் வயிற்றின்மேல் கை வைத்தபடி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாததால் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டேன்.

டாக்டரம்மா வாயால் சொன்னது சுலபம். குக்கரில் பருப்பு விசில் அடித்தால் இவள் பின்வாசலுக்கு ஓடுவாள். பால் உள்ளே போன வேகத்தில் வெளியே வரும். சோயா உருண்டையை ஒரு கடி கடித்துவிட்டு, "ஏனுங்க, பாத்திரம் கழுவற பஞ்சை வேக வெச்சுட்டீங்களா?" என்று கேட்டாள். ஊட்டியிலிருந்து பனீர் வாங்கிவந்தேன். அதற்கு உப்பும் இல்லை உறைப்பும் இல்லை என்று தீர்ப்புச் சொல்லித் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். அந்த வாரம் முழுக்க எனக்குத்தான் புரதம் ஏறியது.

ஃபேக்டரியில் விஷயம் பரவியதும் ஆளாளுக்கு வைத்தியராகிவிட்டார்கள். ஆட்டுக்கால் சூப் என்றார் ஒருவர். நாட்டுக்கோழி முட்டையைப் பாலில் அடித்துக் கொடுத்தால் தெரியவே தெரியாது என்றார் இன்னொருவர். மருந்து என்று நினைத்துக் குடிக்கட்டுமே என்று எல்லோரும் ஒரே பாட்டு. கேட்டுக் கேட்டு நானும் ஒருநாள் இவளிடம் மெல்லச் சொல்லிப்பார்த்தேன்.

"புள்ளைக்காக மருந்துன்னு குடிச்சிருவனுங்க," என்றாள். "ஆனா உள்ள நிக்கோணுமில்லீங்க? வாந்தியில போறது புள்ளைக்கு எப்படிங்க போயிச் சேரும்?"

அதன்பிறகு ஆட்டுக்கால் சூப் என்று எவன் ஆரம்பித்தாலும், "உன் சோலியைப் பாரப்பா," என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவேன்.

ஒருநாள் என் மாமியார் கீழேயிருந்து பார்க்க வந்தார். வரும்போது ஈரத்துணியில் கட்டி முளைத்த பச்சைப்பயறு கொண்டுவந்தார். ஆவியில் வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து, தேங்காய் தூவிக் கொடுத்தார். இவள் ஒரு கரண்டி தின்றாள். நாங்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். பின்வாசலுக்கு ஓடவில்லை. இன்னொரு கரண்டி கேட்டாள். எனக்கு லாட்டரி விழுந்தாற்போல் இருந்தது.

மாமியார் ஊருக்குப் போனதும் வேலை என் தலையில் விழுந்தது. பயறு ஊறப்போட்டு, துணியில் கட்டி, சமையல்மேடையில் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஸ்வெட்டர் சுற்றினேன். என் குரங்குக் குல்லாயை எடுத்து அதற்குப் போட்டேன். சுடுதண்ணீர்ப் பையைப் பக்கத்தில் படுக்கவைத்தேன். கடைசியில் கம்பளிக்குள் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துத் தூங்கி, காலையில் மெத்தை நனைந்ததுதான் மிச்சம். வெளியே புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படர்ந்து கிடந்தது. பயறு ஊறிப் பருத்ததே தவிர மூக்கை வெளியே நீட்டவில்லை. அந்தக் குளிரைப் பார்த்து நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் ஃபேக்டரி மாடி நினைவுக்கு வந்தது. பறித்துவந்த பச்சை இலையை முதலில் அங்கேதான் வாட்டுவார்கள். அறை நீளத்துக்குத் தொட்டிகள் இருக்கும். ட்ரஃப் என்பார்கள். அடியில் கம்பிவலை, வலைக்குக் கீழே பெரிய ஃபேன். குளிர்காலத்தில் அந்த ஃபேன் வெதுவெதுப்பான காற்றை இலைக்குள் ஊதிக்கொண்டே இருக்கும். ஊரே நடுங்கும்போது அந்த ஒரு மூலை மட்டும் சித்திரை மாதமாக இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் மாடிக்குப் போய், கடைசி ட்ரஃப்பின் ஃபேனுக்குப் பக்கத்தில் பயறு மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பயறிலும் வெள்ளை வெளேரென்று முளை. தனியாக நின்று கைதட்டினேன்.

டீ ஃபேக்டரியில் இதைவிடப் பெரிய தப்பு வேறு கிடையாது. தேயிலைபோல வாசம் இழுக்கிற பண்டம் இல்லை. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தைத் தனதாக்கிக்கொள்ளும். அதனால் உள்ளே பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது, சாப்பாட்டு டப்பா திறக்கக்கூடாது. எங்கள் டீ மேக்கர், அதாவது பச்சை இலை வந்து இறங்குவதுமுதல் தூளாகி மூட்டை ஏறும்வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பான மனிதர், கூடலூர் பக்கத்துக்காரர். பாதி மலையாளம் கலந்துதான் பேசுவார். ஆரஞ்சுப் பழம் உரித்த கையோடு வந்த ஒரு ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர். தலைவலித் தைலம் தடவிக்கொண்டு போனதற்கு நானே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இத்தனையும் தெரிந்துதான் செய்தேன். பச்சைப்பயறுக்கு அப்படி என்ன பெரிய வாசம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

பச்சைப்பயறோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். இவளுக்கு அது சலித்துவிடக்கூடாதே என்று நான்தான் கொண்டைக்கடலைக்குத் தாவினேன். கடலை அவ்வளவு சீக்கிரம் முளைக்காது. விட்டுவைத்தேன். நடுவில் வார லீவு வந்தது. ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள், என் கடலை உள்ளே மாட்டிக்கொண்டது.

லீவு முடிந்த காலையில், யார் போட்டுக்கொடுத்தார்களோ, டீ மேக்கர் நேராக என் மேஜைக்கு வந்தார். கையில் என் வேட்டித் துணியில் கட்டிய மூட்டை சொட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"எந்தா சார் இது?"

தப்பு நம் பக்கம் இருக்கும்போது முதலில் கத்திவிட வேண்டும் என்பது என் வழக்கம். "கடலைங்க. கடலையைப் பாத்ததில்லையா?"

"கடலை கண்டிட்டுண்டு. ட்ரஃப்ல எங்ஙனே வந்து? நல்ல நேரம், இன்னும் இலை போடலை. போட்டிருந்தா காத்து மொத்தமும் இதைத் தொட்டுட்டுதான் இலைக்குப் போகும். வாங்கறவன் டீ குடிப்பானா, சுண்டல் குடிப்பானா?"

ஆபீஸே சிரித்தது. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, எழுந்து நின்று கத்தினேன். "இந்த ஊர்ல ஒரு பயறு முளைக்குதுங்களா? மாவு புளிக்குதுங்களா? ஊட்ல அவளுக்கு வேற எதுவுமே வயித்துல நிக்கறதில்லீங்க. புள்ளைக்கு எடை ஏறலைன்னா கோயமுத்தூருக்கு அனுப்பிருவாங்களாமா. அறுத்து எடுக்கோணும்னு சொல்றாங்க. நான் வேற எங்கதானுங்க போயி முளைக்க வெக்கறது?"

கடைசி வார்த்தை சரியாக வெளியே வரவில்லை. சிரிப்பும் நின்றுவிட்டது.

டீ மேக்கர் மூட்டையைப் பிரித்து, இலையை முகர்வதுபோலவே ஒருமுறை முகர்ந்தார். "இது கெட்டுப்போச்சு. இதைக் கொடுத்தா உள்ளதும் வெளியே வரும்," என்று சொல்லி வெளியே கொண்டுபோய்க் கொட்டினார். பிறகு, "வா," என்றார்.

ஃபேக்டரிக்குப் பின்னால், இலைக்கும் தூளுக்கும் சம்பந்தமில்லாமல் தனிக் கொட்டகையாக நிற்பது பாய்லர் ரூம். விறகு எரிந்துகொண்டே இருப்பதால் சுவரெல்லாம் இளஞ்சூடு. அந்தச் சுவரில் அவரே ஒரு ஆணி அடித்தார். "இங்க தொங்க விடு. காலையும் சாயங்காலமும் அலசணும். மறந்தா நான் சும்மா விடமாட்டேன்."

நிஜமாகவே சும்மா விடவில்லை. அன்றுமுதல் என் கடலை அவருடைய சரக்காகிவிட்டது. தினமும் ரவுண்ட்ஸ் வரும்போது மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார். "இன்னிக்கு ஈரம் ஜாஸ்தி. நல்லாப் பிழி." "இன்னும் வாட்டம் பத்தாது, நாளைக்கு எடு." இலைக்குச் சொல்வதையெல்லாம் கடலைக்குச் சொல்வார். நான் உறை ஊற்றிய பாலையும் ஒரு தூக்குப்போசியில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். அதுவும் கட்டியாக உறைந்தது. ஆட்டுக்கால் சூப் ஆசாமிகள் இப்போது மொச்சை கொண்டுவந்தார்கள், தட்டைப்பயறு கொண்டுவந்தார்கள். எல்லாம் அந்த ஆணிக்கு வந்துசேர்ந்தது.

நான் வீட்டுக்கு வந்து முளைகட்டியதை வேகவைப்பேன். டாக்டரம்மா பச்சையாகத் தரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒருநாள் சுண்டல், ஒருநாள் தயிரில் போட்டது, ஒருநாள் அரைத்து அடை. அடைக்குத் தொட்டுக்கொள்ள நிலக்கடலைச் சட்னி. ஆபீசுக்குப் போகும்போது ஒரு டப்பாவில் போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்தால் டப்பா காலியாக இருக்கும். நான் இவ்வளவு நல்ல சமையல்காரன் என்பது எனக்கே அதுவரை தெரியாது.

அடுத்த ஸ்கேனுக்குப் போனபோது தை பாதி போயிருந்தது. உள்ளே அவளைப் படுக்கவைத்திருந்த நேரம் முழுக்க நான் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசாததற்கும் எனக்குக் கோபம் வந்தது.

"நல்லா வளர்ந்திருக்கு," என்றார் கடைசியில். "இப்படியே போனா கோயமுத்தூர் போக வேண்டியதில்லை. என்னம்மா சாப்பிட்டீங்க?"

நான் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"எல்லாம் சாப்பிட்டனுங்க. தயிரு, அடை, நெலக்கடலைச் சட்னி. இது போக தெனமும் ஒரு டப்பா முளைகட்டுன கடலைங்க," என்றாள் இவள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அதுதானுங்க ஆவவே மாட்டேங்குது. முதல் வாரம் நல்லா இருந்துச்சுங்க. அப்புறம் வாயில வெச்சாலே மண்ணைத் தின்ன மாதிரி இருக்குது. கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிருவனுங்க."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் வரும்வரை மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டே நடந்தேன். ஒரு ஃபேக்டரியே சேர்ந்து முளைக்கவைத்த கடலை! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனே!

பஸ் ஏறி உட்கார்ந்ததும் இவள் பையிலிருந்து அன்றைய டப்பாவை எடுத்துத் திறந்தாள். ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"புடிக்கலைன்னு சொன்னியே கண்ணு, அப்புறம் எதுக்கு இன்னும் திங்கறே? உடு," என்றேன்.

மென்று விழுங்கினாள். பிறகு இன்னொரு கை அள்ளிக்கொண்டாள். "எனக்குப் புடிக்காட்டிப் போகுதுங்க. உள்ள இருக்கறவங்களுக்குப் புடிச்சிருக்குதே," என்றாள்.